கொழும்பில் படிக்க வரும் வெளிநாட்டு மாணவருக்கு: விசா, வீடு, பஸ், காய்ச்சல் வரை ஒரு முழு வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ, பிறந்து வளர்ந்த கனடாவிலிருந்தோ கொழும்புக்குப் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: "வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்துவிடு, மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்." வெள்ளவத்தை கொழும்பில் தமிழர் செறிந்து வாழும் பகுதி. பாதி மாணவர்களுக்கு இது நல்ல அறிவுரை. மீதிப் பாதிக்கு இதுதான் முதல் கல்வித் தவணையைக் கெடுக்கிறது. கொழும்பில் எங்கே குடியிருப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது உங்கள் வகுப்பறைக்குப் போகும் பஸ் இலக்கம். வீடு, செலவு, தூக்கம், படிப்பு எல்லாம் அதைப் பொறுத்தே அமையும். ஆகவே பஸ் பாதையை மனதில் வைத்துக்கொண்டே கீழே உள்ளதைப் படியுங்கள்.

புறப்படும் முன்

முதலில் விசா. படிப்புக்காக வருகிறவர் சுற்றுலா அனுமதியில் வந்து இறங்கி, "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று நினைக்கக் கூடாது. வழமையான ஒழுங்கு இதுதான்: கல்வி நிறுவனம் அனுமதிக் கடிதம் தரும், அதன் வெளிநாட்டு மாணவர் பிரிவு உங்கள் ஆவணங்களைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு அனுப்பும், நுழைவு விசா கிடைக்கும், அதில் வந்து இறங்கிய பின் வதிவிட விசாவாக மாற்றுவார்கள். இந்தக் கடிதப் போக்குவரத்துக்கு வாரக்கணக்கில் எடுக்கும். நுழைவு விசா கைக்கு வரும் முன் விமான டிக்கெட் வாங்குவதால்தான் பலருக்குப் பணம் வீணாகிறது.

சேரும் முன் இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். தனியார் நிறுவனம் என்றால், அது தரும் பட்டம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிலோ உயர்கல்வி அமைச்சிலோ அங்கீகாரம் பெற்றதா, அல்லது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டமா என்று எழுத்தில் கேளுங்கள். அதே பட்டத்தை உங்கள் சொந்த நாட்டில் ஏற்பார்களா என்பது வேறு கேள்வி. அதற்கான பதிலை உங்கள் நாட்டு அதிகாரசபையிடமிருந்துதான் பெற வேண்டும், கல்லூரியின் முகவரிடமிருந்து அல்ல. மருத்துவம், சட்டம், பொறியியல் படிப்பவர்கள் இதைத் தவறவே விடக் கூடாது.

கையில் கொண்டுவர வேண்டியவை: கல்விச் சான்றிதழ்களின் மூலப் பிரதிகள், பிறப்புச் சான்றிதழ், ஆங்கிலத்தில் இல்லாத ஆவணங்களுக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு, தடுப்பூசிப் பதிவு, வழக்கமாக எடுக்கும் மருந்துக்கு வைத்தியரின் சீட்டு, வெள்ளைப் பின்னணியில் 3.5 × 4.5 சென்ரிமீற்றர் படங்கள் ஒரு டசின். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். தாள்களை மூடக்கூடிய பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைப்பது நல்லது. கொழும்பின் ஈரக்காற்றில் சான்றிதழில் பூஞ்சணம் பிடிக்க ஒரு மழைக்காலம் போதும்.

மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். புதிய கட்டடங்களில் சதுரக் கால் மூன்று உள்ள 13 அம்பியர் சொக்கற், பழைய வீடுகளில் உருண்டைக் கால் 5 அம்பியர், 15 அம்பியர் சொக்கற். ஒரே அறையில் இரண்டும் இருப்பதுண்டு. இந்தியாவிலிருந்து வருபவர்கள் சதுரக் காலுக்கு மாற்றும் அடப்டர் இரண்டு கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் இங்கே ஹாட்வெயார் கடையில் வாங்கலாம். மேல் துளைக்குள் பேனாவை விட்டுத் தடுப்பைத் திறந்து இரண்டு கால் பிளக்கைச் செருகும் பழக்கம் பல போர்டிங்குகளில் (மாணவர் தங்குமிடங்களில்) உண்டு. பிடிப்புத் தளர்ந்து, சூடேறி, சொக்கற் கருகுவது அதனால்தான். லப்டொப்பை அப்படிச் செருகாதீர்கள்.

கட்டுநாயக்கவிலிருந்து

விமான நிலையம் கொழும்பிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர். 187 இலக்க பஸ் நகர மையமான கோட்டைப் பக்கம் வரும். ஆனால் இரண்டு பெரிய பெட்டிகளோடு பஸ் சரிவராது. செயலி வழி அழைக்கும் டக்ஸிச் சேவைகளான பிக்மீ, ஊபர் இரண்டும் இயங்குகின்றன. வருகை மண்டபத்தில் டக்ஸிக் கவுன்ரர்களும் உண்டு. கட்டணம் பேசும்போது அதிவேக வீதிக் கட்டணமும் சேர்ந்ததா என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் அது தனியாகத்தான் வரும். அதிவேக வீதி 2013 இல் திறந்தது. அதில் வந்தால் பேலியகொடை வரை விரைவு, அங்கிருந்து நகருக்குள் நுழைய நேரமெடுக்கும். காலை எட்டு மணிக்கோ மாலை ஆறு மணிக்கோ இறங்கினால் வெள்ளவத்தைக்கு ஒன்றரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள்.

சிம் அட்டையை வருகை மண்டபத்திலேயே கடவுச்சீட்டைக் காட்டி வாங்கலாம். அங்கே விற்பவை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிக்கான, குறிப்பிட்ட நாட்களில் காலாவதியாகும் பொதிகள். வங்கிக்கும் கல்லூரிக்கும் கொடுக்கும் இலக்கம் அதுவாக இருந்தால், ஒரு மாதத்தில் இலக்கம் செத்து, வங்கி அனுப்பும் குறியீடு வராமல் திண்டாடுவீர்கள். முதல் வாரத்திலேயே டயலொக், மொபிடெல், ஹட்ச் ஏதாவதொன்றின் கிளைக்குப் போய் உங்கள் பெயரில் சாதாரண சிம் ஒன்றைப் பதிந்துகொள்ளுங்கள். அறைத்தோழன் தரும் பழைய சிம் வேண்டாம், அது எப்போதும் அவர் பெயரில்தான் இருக்கும். இங்கே போன் வாங்குவதானால் பணம் கொடுக்கும் முன் IMEI என்று அடித்து, இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தையும் 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும்.

எந்தப் பகுதியில் வீடு

முதல் இரண்டு வாரத்துக்கு விடுதியோ உறவினர் வீடோ ஏற்பாடு செய்துகொண்டு, நேரில் பார்த்தே அறை எடுங்கள். படம் பார்த்து வெளிநாட்டிலிருந்து முற்பணம் அனுப்பாதீர்கள்.

கல்வி நிறுவனம் எங்கே என்பதை வைத்துக் கணக்குப் போடுவோம்.

கொழும்புப் பல்கலைக்கழகம், அல்லது பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, யூனியன் பிளேஸ் பக்கம் உள்ள தனியார் நிறுவனங்கள் என்றால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கிருலப்பனை எல்லாமே வசதி. காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்கள் இடைவிடாமல் ஓடும். 155 தும்முல்லைச் சந்திப் பக்கமாகப் போகும். இவர்களுக்கு வெள்ளவத்தை அறிவுரை முற்றிலும் சரி.

மாலபேயில் படிப்பவருக்குக் கதை வேறு. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் கொள்ளுப்பிட்டிக்குப் போய், அங்கே கடுவலை போகும் 177 எடுக்க வேண்டும். இராஜகிரிய, பத்தரமுல்லை, தலஹேன என்று ஒவ்வொரு சந்தியிலும் காலையில் வாகனம் நகராது. போக வர நாளில் மூன்று மணித்தியாலம் வீதியில் போய்விடும். எட்டரை மணி விரிவுரையைத் தவறவிட்டு வருகைப் பதிவில் சிக்குபவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். மாலபே, தலஹேன, கொஸ்வத்தை, பத்தரமுல்லையில் அறை எடுங்கள். தமிழ்க் கடைக்கும் கோவிலுக்கும் சனிக்கிழமை வெள்ளவத்தைக்கு வந்து போகலாம்.

ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம் என்றால் நுகேகொடை, கங்கொடவில, தெல்கந்தை. ஹோமாகம, பிட்டிபனப் பக்கம் என்றால் 138 இலக்கப் பாதையிலோ களனிவெளி ரயில் பாதையிலோ உள்ள மஹரகம, கொட்டாவை, ஹோமாகம. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் கட்டுபெத்தையில். அங்கே சுற்றிவர மாணவர் போர்டிங்குகள் நிறைய உண்டு. தெஹிவளையிலிருந்தும் போய் வரலாம். காலையில் கூட்டம் நகரை நோக்கி வருவதால் நீங்கள் எதிர்த்திசையில் போவீர்கள், பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். களனி ஆற்றை அண்டிய தாழ்நிலங்களில், குறிப்பாகக் கொலொன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவலையின் சில பகுதிகளில், வாடகை குறைவாக இருந்தால் காரணம் வெள்ளமாக இருக்கலாம். 2016 மே மாதத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் முன்கடைக்காரரிடம் கேளுங்கள். மற்றது, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளின் கடைசி வீடுகள். கடலுக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில்தான் ரயில் பாதை ஓடுகிறது. அதிகாலை முதல் இரவு வரை சத்தம். உப்புக் காற்றில் லப்டொப்பின் இணைப்புத் துளைகளும் சைக்கிளும் துருவேறும். கடற்காட்சிக்குக் கூடுதல் வாடகை கொடுக்கும் முன் அங்கே ஒரு மாலை நின்று பாருங்கள்.

அறை பார்க்கும்போது

அறைகள் இக்மன் இணையத்தளத்திலும், வீரகேசரி, தினக்குரல் ஞாயிறு விளம்பரங்களிலும், கடைகளின் அறிவித்தல் பலகைகளிலும் கிடைக்கும். "அறை" என்றால் வீட்டுக்காரர் வீட்டுக்குள். "போர்டிங்" என்றால் பல மாணவர் சேர்ந்து, சில இடங்களில் சாப்பாட்டோடு. "அனெக்ஸ்" என்றால் தனி வாசல், தனிக் குளியலறை, சிறு குசினி. தனியே வாழ்ந்து பழகாதவர்களுக்கு முதல் வருடம் சாப்பாட்டோடு கூடிய போர்டிங்தான் எங்கள் பரிந்துரை. வாசலில் மணி கட்டுப்பாடு இருக்கும், வீட்டுக்கார அன்ரி கேள்வி கேட்பார். ஆனால் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருவதும் அவரேதான்.

அறையை மாலை ஆறு மணிக்குப் பிறகு போய்ப் பாருங்கள். பகலில் தெரியாத பலதும் அப்போது தெரியும். குளியலறைக் குழாயை முழுதாகத் திறந்து இரண்டு நிமிடம் விடுங்கள். கூரைத் தண்ணீர்த் தாங்கி (டேங்க்) சிறிதாக இருந்து வீடு நிறைய ஆட்கள் இருந்தால் நீர் மெலிந்துவிடும். கட்டில் மெத்தையைத் தூக்கி மூட்டைப்பூச்சி பாருங்கள்: தையல் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அந்த வீடு வேண்டாம். சுவரில் கீழிருந்து மேலே ஏறிய ஈரக்கறை, புதிதாக அடித்த பெயின்ற் கொப்பளித்திருப்பது, இரண்டும் மழைக்காலத்தில் பூஞ்சணம் வரும் என்பதற்கு அடையாளம். யன்னலுக்குக் கொசுவலை உண்டா, போன் சமிக்ஞை உள்ளேயும் வருகிறதா, மின்விசிறி அதிவேகத்தில் ஆடுகிறதா என்பதையும் பாருங்கள். வரவேற்பறையில் இருந்து தேநீர் குடித்துவிட்டுப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்:

- முற்பணம் எத்தனை மாதம்? அது கடைசியில் திருப்பித் தரும் வைப்பா, மாதாமாதம் வாடகையில் கழியும் முற்பணமா?
- மின்சாரம், தண்ணீர் வாடகைக்குள் அடங்குமா?
- இடையில் விட்டுப் போனால் எத்தனை மாத அறிவித்தல்?
- பெற்றோர் வந்தால் தங்கலாமா? இரவு எத்தனை மணிக்குக் கேற் பூட்டுவார்கள்?
- சமைக்கலாமா? மீன், இறைச்சி சமைக்கலாமா?

கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். சைவ வீடுகளில் இது உறவு முறியும் விடயம்.

கொழும்பில் அனெக்ஸ், தொடர்மாடி வீடுகளுக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்று முற்பணம் கேட்பது சாதாரணம். அறைகளுக்குக் குறைவாகக் கேட்பார்கள். தகராறு வருவது எப்போதும் இந்த முற்பணத்தில்தான். வீட்டுக்காரர் அதை "கடைசி மாதங்களில் கழிப்போம்" என்று வாயால் சொல்லியிருப்பார், மாணவர் "கையில் திருப்பித் தருவார்" என்று நினைத்திருப்பார். ஆகவே தொகை, திகதி, எந்த நிபந்தனையில் எப்போது திரும்பும் என்பதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அனெக்ஸ் என்றால் நொத்தாரிசு (நோட்டரி) மூலம் வாடகை ஒப்பந்தம் செய்வது முறை. பணத்தை வங்கி வழியாக மாற்றுங்கள். கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். குடிபுகும் நாளில் சுவர், கட்டில், கண்ணாடி, மின்மானி வாசிப்பு எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கே வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். திகதியோடு ஒரு சாட்சி கிடைத்துவிடும்.

மின்கட்டணம் படிமுறையில் ஏறும்: பாவனை கூடக் கூட ஒவ்வொரு அலகின் விலையும் கூடும். ஐந்து மாணவர் ஒரே மானியில் இருந்தால் எல்லோருமே உயர்ந்த படியில் மாட்டுவீர்கள். ஒருவர் அறையில் ஏசி ஓடினால் மற்ற நால்வரும் அதற்குப் பணம் கட்டுவார்கள். அறைக்கு உபமானி இருந்தால் அலகுக்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஏசி உள்ளவர் தனிப் பங்கு தருவதென்று முதல் நாளே பேசுங்கள், மூன்றாம் மாதம் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் சண்டைதான்.

சமைக்கும் வீடு என்றால் எரிவாயு சிலிண்டர் லிற்றோ, லாஃப்ஸ் என்று இரண்டு நிறுவனங்களுடையது. வெற்றுச் சிலிண்டரை அதே நிறுவனத்தின் நிரம்பிய சிலிண்டருக்கு மாற்றிக்கொள்வதுதான் முறை. முதல் முறை சிலிண்டருக்கே தனிப் பணம் கட்ட வேண்டும் என்பதால், வீட்டுக்காரர் சிலிண்டரோடு தருகிறாரா என்று பாருங்கள்.

குடியேறிய பின் வீட்டுக்காரர் ஒரு பொலிஸ் படிவம் கொண்டுவருவார். வீட்டில் இருப்பவர்களின் விபரத்தைப் பொலிஸுக்குக் கொடுப்பது பொலிஸ் கட்டளைச் சட்டத்தில் உள்ள நடைமுறை. தமிழர் செறிந்த பகுதிகளில் வீட்டுக்காரர்கள் இதில் மிகக் கவனமாக இருப்பார்கள். கடவுச்சீட்டு, விசா பக்கம், கல்லூரிக் கடிதம் ஆகியவற்றின் பிரதிகளைக் கொடுங்கள். முத்திரையிட்ட பிரதி ஒன்றை நீங்களும் வைத்திருங்கள். மூலக் கடவுச்சீட்டை எந்த வீட்டுக்காரரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

வதிவிட விசா

குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் பத்தரமுல்லையில், சுஹுருபாய கட்டடத்தில் இருக்கிறது. கொள்ளுப்பிட்டியிலிருந்து 177 இலக்க பஸ் பத்தரமுல்லைக்குப் போகும். இலங்கையர் கடவுச்சீட்டு எடுப்பதும் இதே கட்டடத்தில்தான், ஆகவே வாசலில் கூட்டத்தைக் கண்டு மிரள வேண்டாம். விசாப் பிரிவு தனி. காலை திறக்கும் முன்பே போய்விடுங்கள்.

வதிவிட விசாவுக்கு உடல்நலப் பரிசோதனை உண்டு: மலேரியா, யானைக்கால் நோய், காசநோய், எச்.ஐ.வி. இதற்கு நேரம் முன்பதிவு செய்ய வேண்டும், அறிக்கை வர நாளெடுக்கும். கல்லூரிக் கடிதம், கட்டணம் செலுத்திய பற்றுச்சீட்டு, வங்கிச் சான்று, படங்கள் என எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதிகள் எடுத்துச் செல்லுங்கள்.

விசா பொதுவாக ஒரு வருடத்துக்குக் கிடைக்கும். காலாவதித் திகதிக்கு இரண்டு மாதம் முன்பே கல்லூரியில் நீடிப்புக் கடிதம் கேளுங்கள். பெரும்பாலும் தாமதம் கல்லூரியில்தான் ஆகும்: வருகைப் பதிவு குறைவு, கட்டண நிலுவை, கையெழுத்திட வேண்டியவர் விடுமுறை. நீடிப்புக் காலத்தில் ஊருக்குப் போகாதீர்கள். மாணவர் விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. "ரியூஷன் கொடுக்கலாம், கடையில் நிற்கலாம்" என்று யார் சொன்னாலும் அதை நம்பி வரவுசெலவுத் திட்டம் போடாதீர்கள்.

பணம்

வங்கிக் கணக்குத் திறக்கக் கடவுச்சீட்டு, வதிவிட விசா, கல்லூரிக் கடிதம், முகவரிச் சான்று கேட்பார்கள். முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் கைகொடுக்கும். சில கிளைகள் கிராம உத்தியோகத்தரின் (அந்தப் பகுதிக்கான அரச அலுவலரின்) கடிதமும் கேட்கும். அதற்கு வீட்டுக்காரர் கூட வருவது நல்லது. உங்கள் கல்லூரியின் மற்ற வெளிநாட்டு மாணவர்கள் கணக்கு வைத்திருக்கும் கிளைக்கே போங்கள், படிவம் தெரிந்த அலுவலர் அங்கே இருப்பார். ஒரே வங்கியின் வேறு கிளையில் "வெளிநாட்டவருக்கு முடியாது" என்று திருப்பி அனுப்பியதும் உண்டு.

இந்தியாவிலிருந்து வருபவர்கள் 2024 பெப்ரவரி முதல் இலங்கையில் யுபிஐ பாவிக்கலாம். கடைகளில் கியூஆர் குறியீடு உள்ள இடத்தில் மட்டும். வாடகை, ஆளுக்கு ஆள் பணம் அனுப்புவது இதில் நடக்காது. நாணயம் மாற்றும்போது மத்திய வங்கி அனுமதிப் பத்திரம் தொங்கும் கடையில் மாற்றி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். ஊரிலிருந்து பணம் எடுக்க "உண்டியல்" (வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் மாற்றும்) வழி சொல்பவர்கள் வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருவிலும் கிடைப்பார்கள், விலையும் நன்றாக இருக்கும். அது சட்டவிரோதம். பணம் தொலைந்தால் முறையிட இடமில்லை. விசா நீடிப்பின்போது படிப்புச் செலவு எங்கிருந்து வந்தது என்று காட்ட வங்கித் தாளும் இருக்காது. வேண்டாம்.

பஸ், ரயில், ஓட்டோ

பஸ்ஸின் நெற்றியில் இலக்கமும் முடிவிடமும் மூன்று மொழியிலும் இருக்கும். சிவப்பு பஸ் இலங்கைப் போக்குவரத்துச் சபையுடையது, மற்றவை தனியார். இரண்டுக்கும் பாதை ஒன்றே. ஏறியதும் கொண்டக்டர் வருவார். இறங்குமிடத்தின் பெயரைச் சொல்லிச் சில்லறை கொடுங்கள். 20, 50, 100 ரூபா நோட்டுகள் எப்போதும் கையில் இருக்கட்டும். 5000 ரூபா நோட்டைக் காலை நேர பஸ்ஸில் நீட்டுவது சரியல்ல. மீதி உடனே தராவிட்டால் இறங்குவதற்கு இரண்டு தரிப்பு முன்பே கேளுங்கள். முன் இருக்கைகள் மதகுருமாருக்கு ஒதுக்கியவை. தனியார் பஸ்கள் சனம் சேரும் வரை ஊர்ந்து, பின்னால் அதே இலக்க பஸ் வந்தவுடன் பறக்கும். கைபிடியை விடாதீர்கள், பஸ் முழுதாக நிற்கும் முன் இறங்காதீர்கள்.

புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டிப் பகுதியில் காலி வீதி ஒருவழிப் பாதை. எதிர்த்திசை வாகனம் டுப்ளிகேஷன் வீதி எனப்படும் ஆர்.ஏ. டி மெல் மாவத்தையால் வரும். கோட்டைக்குப் போகக் காலி வீதியில் ஏறினால், திரும்பி வெள்ளவத்தைக்கு வர ஒரு வீதி உள்ளே போய் நிற்க வேண்டும். இறங்கிய இடத்துக்கு எதிரில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தால் அது வராது.

கரையோர ரயில் கோட்டை, கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை, மொறட்டுவை, பாணந்துறை என்று போகும். அலுவலக நேரத்தில் காலி வீதியை விட இதுதான் விரைவு, பஸ்ஸை விடச் செலவும் குறைவு. டிக்கெட்டை இறங்கும் நிலையத்தில் கேட்பார்கள், எறிந்துவிட்டால் தண்டம். விரைவு வண்டிகள் சிறு நிலையங்களில் நிற்காது, ஆகவே ஏறும் முன் கேளுங்கள். வெள்ளவத்தையில் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து கடற்கரைக்குப் போகும்போது இயர்போனைக் கழற்றிவிடுங்கள். அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது. ஒவ்வொரு வருடமும் இப்படி உயிர் போகிறது.

ஓட்டோவுக்குப் பிக்மீ அல்லது ஊபர் செயலியைப் பாவியுங்கள். வீதியில் மறித்தால் மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்து ஏறுங்கள், மீட்டர் இல்லையென்றால் தொகையை முன்பே பேசுங்கள். பஸ்ஸில் பெண் பிள்ளைகளுக்குத் தொந்தரவு நடப்பதுண்டு. உரத்துச் சொன்னால் சுற்றியிருப்பவர்கள் துணைக்கு வருவார்கள். அது தண்டனைச் சட்டத்தின்படி குற்றம். பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி எண் 1938. தனியார் பஸ் பற்றிய முறைப்பாட்டுக்கு 1955.

சாப்பாடு

மதியச் சோற்றுப் பார்சல்தான் மாணவரின் உயிர்நாடி. ஒரு பார்சல் பெரும்பாலும் இருவருக்குக் காணும். இரவில் இடியப்பம், சொதி, சம்பல், அல்லது கொத்து. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனையில் சைவக் கடைகள் தாராளம். மாலபே, ஹோமாகமப் பக்கம் அவ்வளவு இல்லை.

சுத்த சைவம் உண்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், சில பருப்பு, கீரைக் கறிகளில்கூட மாசிக்கருவாட்டுத் தூள் போடுவது இங்கே வழக்கம். பார்வைக்குத் தெரியாது. "மரக்கறிச் சாப்பாடு" என்று கேட்டாலும் சம்பலில் மாசி இருக்கலாம். சைவக் கடை அல்லாத இடத்தில் "மாசி போட்டதா?" என்று தனியாகக் கேளுங்கள்; சிங்களக் கடையில் அதை உம்பலகட என்பார்கள்.

வீட்டுச் சாமான் வாங்கப் புறக்கோட்டை: கெய்சர் தெருவில் துணி, படுக்கை விரிப்பு, பாத்திரம், முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாமான். வார நாள் காலை போனால் நிதானமாகப் பேரம் பேசலாம். பையை முன்பக்கம் மாட்டுங்கள். மரக்கறிக்கு வெள்ளவத்தைச் சந்தை, மளிகைக்குக் கீல்ஸ், கார்கில்ஸ், சதொச.

தண்ணீரும் காய்ச்சலும்

குழாய் நீர் சுத்திகரித்தது என்றாலும், கூரைத் தாங்கி எப்போது கழுவியது என்று யாருக்கும் தெரியாது. கொதித்தாறிய நீரையோ பெரிய போத்தல் நீரையோ குடியுங்கள்.

டெங்குவை அலட்சியம் செய்யாதீர்கள். தென்மேல் பருவ மழை தொடங்கும் மே, ஜூன் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மழைக்குப் பிறகும் கொழும்பில் அது கூடும். நுளம்பு (கொசு) கடிப்பது பகலில், அதிகமாகக் காலையும் மாலையும். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, மணிபிளான்ற் போத்தல், ஏசி வடிநீர், பால்கனியில் கிடக்கும் யோகட் கோப்பை ஆகியவற்றை வாரம் ஒருமுறை வெறுமையாக்கித் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும், நீரை ஊற்றினால் மட்டும் போகாது.

காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான். பரசிற்றமோல் மட்டும், அதுவும் அளவோடு. இபுப்ரோபென், அஸ்பிரின், டைக்ளோபெனாக் எடுக்கவே கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும். ஜீவனி (உப்பு, சர்க்கரைக் கரைசல் தூள்), செவ்விளநீர், கஞ்சி என்று நீராகாரம் குடியுங்கள். சிவப்பு, மண்ணிறப் பானங்களைத் தவிருங்கள். வாந்தி வந்தால் இரத்தமா என்று பிரித்தறிய முடியாது. முழு இரத்தப் பரிசோதனையை வைத்தியர் சொன்ன நாட்களில் தவறாமல் செய்யுங்கள். பலர் ஏமாறுவது காய்ச்சல் விட்டவுடன். ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்கும், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, தலைச்சுற்று, சிறுநீர் குறைதல், முரசில் (ஈறில்) இரத்தம் இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே வைத்தியசாலை. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், வெளிநாட்டவர் என்று தயங்காமல் அழையுங்கள்.

விசேட வைத்தியரைப் பார்க்க இங்கே "சனல்" பண்ணுவார்கள். தனியார் வைத்தியசாலையில் முன்கூட்டிப் பதிந்து இலக்கம் எடுக்க வேண்டும். வைத்தியர் கட்டணமும் வைத்தியசாலைக் கட்டணமும் தனித்தனி. சொன்ன நேரத்துக்கு வைத்தியர் வராவிட்டால் அதிசயப்பட வேண்டாம், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மனம் சோர்ந்து தாங்க முடியாமல் போனால் 1926 இல் தேசிய மனநல நிறுவனம் எந்நேரமும் பேசும்.

மொழியும் மனிதரும்

தமிழ் அரச கரும மொழி. படிவத்தைத் தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கவுன்ரரில் தமிழ் பேசுபவர் எல்லா நேரமும் இருக்கமாட்டார். பஸ்ஸிலும் ஓட்டோவிலும் நாலைந்து சிங்களச் சொல் போதும்: இறங்க "பஹினவா", விலை கேட்க "கீயத", இடப்பக்கம் "வமட்ட", வலப்பக்கம் "தகுணட்ட". முயன்று பேசுபவரிடம் கொழும்புச் சனம் அன்பாக நடக்கும்.

தனிமையைப் போக்க வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கம் நல்ல இடம். 1942 இல் தொடங்கியது. நூலகம் உண்டு, நிகழ்ச்சிகள் நடக்கும். விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகே கொழும்புப் பொது நூலகம், பரீட்சைக் காலத்தில் படிக்க அமைதியான மேசை கிடைக்கும். மயூரபதி அம்மன் கோவில், பம்பலப்பிட்டிப் பிள்ளையார் கோவில், கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் எல்லாவற்றுக்கும் பஸ்ஸிலேயே போகலாம்.

விடுமுறை நாட்கள்

ஒவ்வொரு மாதமும் பௌர்ணமி, அதாவது போயா தினம், பொது விடுமுறை. வங்கி, திணைக்களம், இறைச்சிக் கடை பூட்டு. விசா வேலைக்கு நாள் குறிக்கும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்.

ஏப்ரல் 13, 14 புத்தாண்டை ஒட்டிக் கொழும்பு காலியாகிவிடும். உணவகங்களில் வேலை செய்பவர்கள் ஊருக்குப் போவதால், சோற்றுப் பார்சல் கடைகள் பலவும் ஒரு வாரம் வரை திறக்காது. போர்டிங் அன்ரியும் யாழ்ப்பாணம் போய்விடுவார். ஏப்ரல் 11 க்கு முன் அரிசி, பருப்பு, முட்டை, பிஸ்கட், குடிநீர், வழக்கமான மருந்து வாங்கி வையுங்கள், எரிவாயு எவ்வளவு மீதி என்று சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள், கைச்செலவுக்குப் பணம் எடுத்து வையுங்கள். ஊருக்கு பஸ்ஸில் போகும் நண்பரோடு சேர்ந்து போவதானால் டிக்கெட்டை மார்ச் மாதத்திலேயே பதிந்துவிடுங்கள். யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்கள் பல வெள்ளவத்தையிலிருந்தே புறப்படும்.